தோணி வராத சாட்சி

செல்வதுரை இரட்சிக்கப்பட்டுவிட்டான் என்ற செய்தி வந்தபோது ஜெயபாய் டீச்சர் கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். செய்தியைக் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு ஆக்னஸ். கத்தோலிக்கக்காரியான அவளுக்கு இந்தக் கூடாரக் கூட்டங்களும் அங்கே நடக்கிற அழுகையும் நல்ல வேடிக்கை.

"முட்டி போட்டு அழுதாராம் டீச்சர். மூக்கு ஒழுக ஒழுக அழுதாராம். மில்லர்புரம் பூரா இதே பேச்சுதான்."

"எதுக்கு அழுதாராம்?"

"பாவத்துக்குத்தான்."

"எந்தப் பாவத்துக்கு?"

ஆக்னஸுக்கு அது தெரியவில்லை. ஜெயபாய் மீனை அப்படியே சட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் கேட்கத்தான் அடுத்த நாலு வருஷம் அவள் பஸ் ஏறி ஏறி இறங்கினாள்.

அவளுடைய வழக்கு இதுதான். புதுத் துறைமுகம் வருவதற்கு முன்னால் தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. ஐந்தாறு மைல் தள்ளி நடுக்கடலில் நிற்கும். சரக்கையெல்லாம் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். அப்படி ஏற்றுகிற கம்பெனி ஒன்றில் செல்வதுரை சூப்பர்வைசர். ஜெயபாயின் புருஷன் தேவபிரசாதம் அவனுக்குக் கீழே டாலி கிளார்க், அதாவது தோணியிலேயே போய் மூட்டைகளை எண்ணிக் கப்பலில் ஒப்படைக்கிறவன். அறுபத்தைந்தாம் வருஷம் ஆனி மாதம் உப்பு மூட்டை ஏற்றிப்போன தோணி பாதி வழியில் கவிழ்ந்தது. கடற்கரைக்காரர்களான மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். சாத்தான்குளத்துத் தேரி மணலில் பிறந்து வளர்ந்த தேவபிரசாதத்துக்கு நீச்சல் எங்கே தெரியும்? மூன்றாம் நாள் புன்னக்காயல் பக்கம் உடல் ஒதுங்கியது.

அதோடு போயிருந்தால் ஜெயபாய் கடவுளோடு மட்டும் சண்டை போட்டிருப்பாள். விசாரணையில் செல்வதுரை எழுதிக் கையெழுத்துப் போட்டான்: டாலி கிளார்க் குடித்திருந்தார், போதையில் எண்ணிக்கை தவறி அதிகப்படி மூட்டையை ஏற்றிவிட்டார் என்று. ஏற்றச் சொன்னது யார் என்று தெரிந்த தோணிக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கு மறுநாளும் அதே கம்பெனியில்தான் வேலை. அப்போது கோயிலில் குருவானவராக இருந்த பழைய ஐயர், சபை ஒழுங்கில் இரும்பு மாதிரி. குடித்துச் செத்தவனுக்கு மணி அடிப்பதில்லை, அடக்க ஆராதனை வாசிப்பதில்லை. தேவபிரசாதத்தைக் கல்லறைத் தோட்டத்தின் மூலையில் ஜெபம்கூட இல்லாமல் இறக்கினார்கள். வாழ்நாளில் கள்ளுப் பானையை மோந்துகூடப் பார்க்காத மனுஷன் அவன்.

பத்தாம் நாள் ஜெயபாய் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிற ஓய்வுநாள் பள்ளியையும் அவள் விடவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்தையும் விடவில்லை. 'எவ்வளவு பொறுமை!' என்று சபையே அவளைப் பாராட்டியது. பொறுமையாவது மண்ணாவது! அவள் காத்திருந்தாள், அவ்வளவுதான். தன் கண் முன்னால் கடவுள் செல்வதுரையை அடிப்பார், அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வாரம் தவறாமல் கடவுளின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தாள்.

கடவுள் என்னடாவென்றால் அவனை இரட்சித்துவிட்டார்.

இரட்சிக்கப்பட்டவன் சும்மா இருப்பானா? சாட்சி சொல்லக் கிளம்பினான். செல்வதுரைக்கு நல்ல குரல், ஆறடி உயரம், சமயம் பார்த்துத் தழுதழுக்கவும் தெரியும். நாசரேத்தில் கூப்பிட்டார்கள், சாத்தான்குளத்தில் கூப்பிட்டார்கள், வாரம் ஒரு ஊர் என்று ஆனது. அவன் போன இடமெல்லாம் ஜெயபாயும் போனாள். போய்ப் பெண்கள் பக்கம் முன்வரிசையில், அவன் கண்ணுக்கு நேரே, வெள்ளைச் சேலையில் உட்கார்ந்தாள். அழவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. பரீட்சை ஹாலில் டீச்சர் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து அவன் வாயையே பார்த்தாள்.

அவன் சாட்சியில் சாராயம் வரும். சீட்டாட்டம் வரும். பெண்டாட்டி செல்லக்கனியின் தலைமுடியைப் பிடித்து இழுத்து அடித்தது வரும். அந்த இடத்தில் பெண்கள் பக்கம் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்கும். பாவிகளிலெல்லாம் பெரிய பாவி நான் என்று நெஞ்சில் அடித்துக்கொள்வான். தோணி மட்டும் வராது. முப்பது முறைக்கு மேல் கேட்டுவிட்டாள். ஒரு முறைகூடத் தோணி வரவில்லை.

ஒரு முறை சாத்தான்குளத்தில் கூட்டம் முடிந்து ஜனங்கள் காப்பிக்குக் கலைந்தபோது அவனை வழிமறித்தாள்.

"எல்லாம் சொன்னீரு. ஒண்ணு விட்டுப்போச்சே?"

செல்வதுரை அக்கம்பக்கம் பார்த்தான். "டீச்சரம்மா, அத நான் கர்த்தர்கிட்ட சொல்லி அழுதுட்டேன். ஒரு ராத்திரி பூரா அழுதேன். கழுவுன பாவத்தத் தோண்டி எடுக்கது அவரு ரத்தத்தச் சந்தேகப்படுததுன்னு பிரசங்கியாரு சொல்லிட்டாரு. நம்ம பாவத்த அவரு கடல் ஆழத்துல தூக்கிப் போட்டுட்டாரும்மா."

"கடல்ல அவரு எதையும் போடல. நீருதான் போட்டீரு. என் மாப்பிளைய."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் யாரோ அவனைக் கைகுலுக்க வந்துவிட்டார்கள். ஜெயபாய் பஸ்ஸுக்கு நடந்தாள். கேட்டதும் மன்னிப்பை அள்ளி வீசுகிற இந்தக் கடவுள், அடிபட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? அவள் புருஷனைக் கொன்றவனை மன்னிக்க அவளைக் கலக்காமல் இவருக்கு என்ன அவசரம்? கிருபை இலவசம் என்றால் அந்த இலவசத்துக்கு மூலையில் கிடக்கிற தேவபிரசாதம் ஏன் தலை குனிய வேண்டும்?

எழுபத்தாறில் புது ஐயர் வந்தார். கிருபாநிதி ஐயர், முப்பது வயசு இருக்கும். பழைய கதை ஒன்றும் தெரியாதவர். வந்த வேகத்தில் செல்வதுரையைச் சபைப் பிரசங்கியாராக நியமிக்க முடிவு செய்தார். அப்படி நியமிக்கிறதென்றால் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெயரை வாசித்து, ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம் என்று கேட்க வேண்டும். கல்யாண ஓலை வாசிக்கிறது போலத்தான். யாரும் எழுந்ததாகச் சரித்திரம் கிடையாது.

முதல் ஞாயிறு பெயரை வாசித்தார்கள். ஜெயபாய் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் ஞாயிறும் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதாக வாசிக்கிற ஞாயிறு ஜூலை முதல் ஞாயிறு, அதாவது திருவிருந்து ஞாயிறு. கோயில் நிரம்பி வழியும், அவன் சம்பந்தக்காரர்கள் ஊரிலிருந்து வருவார்கள், புது வேட்டி கட்டி முன்னால் நிற்பான். விழுந்தால் அந்த உயரத்திலிருந்து விழட்டும் என்று அவள் நாள் குறித்திருந்தாள். சொல்ல வேண்டியதை எழுதி, மனப்பாடம் செய்து, அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அந்த இரண்டு வாரம்தான் அவளுக்குச் சோறு ருசித்தது.

மூன்றாம் ஞாயிறு ஐயர் பெயரை வாசித்தார். "ஆட்சேபணை உள்ளவர்கள் இப்பொழுது எழுந்து சொல்லலாம்."

ஜெயபாய் எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். வாயைத் திறந்தாள்.

"எனக்கே ஆட்சேபணை இருக்கு, ஐயரே."

குரல் ஆண்கள் பக்கத்திலிருந்து வந்தது. செல்வதுரை எழுந்து நின்றான். புது வேட்டிதான்.

"நானூறு மூட்டை தாங்குத தோணில ஐந்நூத்தி இருவது ஏத்தச் சொன்னது நான். சாயங்காலத்துக்குள்ள கப்பல அனுப்பிரணும்னு எனக்கு அவசரம். கச்சான் காத்து ஏறுது, வேண்டாம் அண்ணாச்சின்னு தேவபிரசாதம் என்னையக் கையெடுத்துக் கும்பிட்டான். ஏலே, பயந்தா வீட்டுக்குப் போயி பொண்டாட்டி சேலைய மடின்னேன். ஏறிப் போனான். அவன் குடிக்கல. அன்னைக்கு அவன்கிட்ட கருப்பட்டிக் காப்பி வாசந்தான் அடிச்சது." பீடத்தைப் பார்த்துப் பேசியவன் பெண்கள் பக்கம் திரும்பினான். "குடிச்சிருந்தது நான். என் தப்ப அவன் பேருல எழுதிட்டேன். கர்த்தர் மன்னிச்சிட்டாருன்னு நாலு வருசமா ஊரு ஊராப் போயிச் சொன்னேன். அவரு மன்னிச்சாருதான். ஆனா போயிச் சொல்லுன்னும் சொன்னாரு. அத மட்டும் காதுல வாங்காத மாதிரி இருந்துட்டேன். இந்த அம்மா முன்வரிசைல வந்து உக்காரும்போதெல்லாம் அவருதான் வந்து உக்காந்திருக்க மாதிரி இருக்கும்."

ஜெயபாய் எழுந்தது எழுந்தபடியே நின்றாள். மனப்பாடம் செய்ததெல்லாம் நாக்கிலேயே இருந்தது. அவள் சொல்லியிருக்க வேண்டியதை அவன் சொல்லிவிட்டான். அதுவும் அவள் எழுதி வைத்ததைவிட மோசமாக, அவளுக்கே தெரியாத சங்கதியோடு. பாவி, இதையும் பிடுங்கிக்கொண்டானே! அவனைத் தள்ளிவிட வந்தவளுக்கு முன்னால் அவனே குதித்துவிட்டான்.

ஐயர் பீடத்திலிருந்து இறங்கி அவளிடம் வந்தார். "அம்மா, அவர் மனந்திரும்பிவிட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? மன்னிக்கிறீர்களா?"

"மாட்டேன்."

ஐயர் இதை எதிர்பார்க்கவில்லை. பாவம், சின்ன வயசு. "அம்மா... பகையை வைத்துக்கொண்டு பந்திக்கு வரக்கூடாது என்பது ஒழுங்கு. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் ஐயரே. நாப்பது பிள்ளையளுக்கு ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நான்தான் சொல்லிக் குடுக்கேன். நாலு வருசமா பொய்ய வாயில அடக்கிக்கிட்டு இந்த ஆளு இதே பந்தில அப்பம் தின்னாரு. அப்ப எந்த ஒழுங்கும் குறுக்க வரல. நான் ஆத்திரத்தோட வந்தா மட்டும் ஒழுங்கு வந்து கையப் பிடிக்குதோ?"

ஐயர் பீடத்துக்குத் திரும்பினார். அவள் உட்கார்ந்தாள். திருவிருந்து தொடங்கியது. வரிசை வரிசையாக ஜனங்கள் போய் முழங்கால் போட்டார்கள். பதினேழு வயசில் திடப்படுத்தல் எடுத்து முதல் அப்பம் வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக ஜெயபாய் போகவில்லை. கொலைகாரன் போகிறான், நான் உட்கார்ந்திருக்கிறேன், இதுதான் உம்முடைய நியாயமோ என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செல்வதுரை முழங்கால் போட்டான். ஐயர் அப்பத்தை நீட்டினார். அவன் கையை நீட்டி, பின்பு மடக்கிக்கொண்டான்.

"டீச்சரம்மா வாங்காத அப்பம் எனக்கு வேண்டாம், ஐயரே. அவிய வாங்குத அன்னைக்கு வாங்கிக்கிடுதேன்."

எழுந்து நடுவழியாக நடந்து கோயிலுக்கு வெளியே போய் வாசற்படியில் நின்றான்.

மறுநாளே துறைமுக அலுவலகத்துக்குப் போய்ப் பழைய வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கொடுத்தான். கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த வாரம் கிருபாநிதி ஐயர் சபையைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்து மூலைக்குப் போனார். மணி அடித்தார்கள். பதினோரு வருஷம் தள்ளி அடக்க ஆராதனையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார்கள். தேவபிரசாதத்தைக் குடிகாரன் என்று பேசியவர்களெல்லாம் ஜெயபாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபோது ஆத்திரம் ஒரு சொட்டும் குறையாமல் அப்படியே இருந்ததுதான் அவளுக்குத் திகைப்பாக இருந்தது.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு செல்வதுரை வந்தான். ஆராதனையில் இருந்தான். திருவிருந்து நேரம் வந்ததும் எழுந்து வெளியே போய் வெயிலில் நின்றான். ஜெயபாய் சன்னல் வழியே பார்த்தாள். வழுக்கைத் தலையில் வெயில் அடித்தது. நிற்கட்டும். அவள் தலையசைக்காமல் அவனால் உள்ளே வர முடியாது; ஐயரே நினைத்தாலும் முடியாது, பேராயரே நினைத்தாலும் முடியாது. கடவுள் கொடுக்காத தண்டனையை அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் அது இனித்தது.

செப்டம்பரிலும் நின்றான். அக்டோபரிலும் நின்றான். அவனை வெளியே நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் அவள் உள்ளே பட்டினி கிடக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிறைக் காவலனும் சிறையில்தானே இருக்க வேண்டியிருக்கிறது. அதற்காக விட்டுவிட முடியுமா? ஒரு வருஷம் நிற்கட்டும். பதினோரு வருஷம் நிற்கட்டும், கணக்குச் சரியாக இருக்கும்.

அந்த வாரம் செல்லக்கனி வந்தாள். ஜெயபாயைவிட ஐந்தாறு வயசு மூத்தவள், செல்வதுரையின் பெண்டாட்டி. கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்து ஜெயபாய் நாற்காலி காட்டாமல் நின்றாள். செல்லக்கனி தானே பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவருக்காகப் பேச வரல, ஏளா. எனக்கென்ன, அந்த மனுசன் வெயில்ல நின்னா என்ன, மழைல நின்னா என்ன?"

"பொறவு எதுக்கு வந்திய?"

"உன்னப் பாக்கத்தான். நீயும் ஒரு வாயி அப்பம் வாங்காம உக்காந்திருக்கியே." செல்லக்கனி தலையை ஒருக்களித்துக் காதைக் காட்டினாள். "இந்தக் காது கேக்காது. அவரு அடிச்சதுதான். ஊரு ஊராப் போயி அடிச்சேன் அடிச்சேன்னு அழுதாரே, ஒரு நாளு எங்கிட்ட வந்து கேட்டாரா? இந்த ஆனி மாசந்தான் கேட்டாரு. உங்கிட்ட கோயில்ல சொன்ன அன்னைக்கு, வீட்டுக்கு வந்து என் காலப் பிடிச்சாரு."

"மன்னிச்சிட்டியளா?"

"இல்ல." செல்லக்கனி அதை உப்பு இல்லை என்பது போலச் சொன்னாள். "வரமாட்டேங்கு. வந்தாத்தானே குடுக்க? ஆனா சோறு போடுதேன். குழம்பு ஊத்துதேன். மன்னிப்பு வரட்டும், அப்பத்தான் உல வைப்பேன்னு இருந்தா ரெண்டு பேரும் பட்டினி கெடந்து சாவணும்லா?"

காப்பி குடிக்கச் சொன்னதற்கு வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாள். ஜெயபாய்க்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. கெஞ்சியிருந்தால் விரட்டியிருக்கலாம். புத்தி சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். இது என்ன, சோறு போடுகிறேன் என்று ஒரு பேச்சு! ஜெயபாய் பதினோரு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததில் மன்னியுங்கள் என்று இருந்தது. மன்னிக்கத் தோன்றும் வரை காத்திருங்கள் என்று எங்கேயும் இல்லை. இத்தனை நாள் அவன் சொல்லாததைக் குறைசொன்ன அவளுக்கு, தான் செய்யாதது கண்ணில் படவே இல்லை. அதை நினைக்க நினைக்க அவன் மேல்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. இந்த நாயால் எனக்கு இதுவும் ஆயிற்றே!

நவம்பர் முதல் ஞாயிறு மழை. கோயில் ஓட்டில் கொட்டுகிற சத்தத்தில் ஐயர் சொல்வது பாதிதான் காதில் விழுந்தது. திருவிருந்து நேரம் வந்தது. செல்வதுரை எழுந்து வெளியே போனான். தாழ்வாரத்தில் ஒதுங்கலாம்; ஒதுங்கவில்லை, படிக்குக் கீழே போய் நின்றான். கடைசி வரிசை போய்த் திரும்பும் வரை ஜெயபாய் உட்கார்ந்திருந்தாள். பல்லைக் கடித்தாள். பிறகு எழுந்து, எல்லாரும் பார்க்க, பீடத்துக்கு முதுகைக் காட்டி வாசலுக்கு நடந்தாள்.

படியில் நின்று, "நனையுதீரு. உள்ள வாரும்" என்றாள்.

அவன் முகத்திலிருந்து தண்ணீரை வழித்தான். "மன்னிச்சிட்டியளாம்மா?"

"இல்ல. உம்ம மூஞ்சியப் பாத்தா எனக்கு இப்பவும் கொல பண்ணணும்னுதான் வருது. மன்னிப்பு என் கையில இல்ல. குடுக்க வேண்டியவரு என்னைக்குக் குடுக்காரோ குடுக்கட்டும். சொன்னபடி நடக்கது மட்டுந்தான் என் கையில இருக்கு, அதச் செய்யுதேன். வாரும்னா வாரும்."

அவன் படியேறினான். ஈரம் சொட்டச் சொட்ட அவளுக்கு இரண்டடி பின்னால் நடந்தான். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எல்லாரும் வாங்கி முடித்துவிட்டார்கள். பீடத்துக்கு முன்னால் இடம் காலியாகக் கிடந்தது. அவள் முழங்கால் போட்டாள். அவன் பக்கத்தில் முழங்கால் போட்டான். அவன் வேட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் அவள் சேலை ஓரத்தை நனைத்தது. அவள் நகரவில்லை.

ஐயர் அப்பத்தைக் கொடுத்தார். இருவரும் தின்றார்கள்.

பிறகு ரசப் பாத்திரத்தை எடுத்து வந்தார். சபைக்கு ஒரே பாத்திரம்தான். எல்லாரும் அதில்தான் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். ஐயர் அதை முதலில் செல்வதுரையிடம் கொடுத்தார். அவன் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். தேவபிரசாதத்தைக் குடிகாரன் என்று சொன்ன வாய் அந்த விளிம்பில் பட்டு எடுத்ததை ஜெயபாய் கண்ணை மூடாமல் பார்த்தாள்.

ஐயர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி அவளிடம் நீட்டினார். சரியாகத் துடைக்கவில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. வாங்கிக் குடித்தாள்.